கவிதையை இழந்த அறிவியல் மேதை

நூல்களை விரும்பிப் படிக்கும் ஒருவர் ஒரு நாள் தாமே நூல் எழுதத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று முதல் அவர் படிக்கும் முறை மாறுமா? முன்பெல்லாம் கதையோடு கதையாய்க் கரைந்து போனவர், இனி இந்தப் பக்கம் நமக்கு எங்கே பயன்படும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவாரா? அப்படித் தொடங்கினால் அவர் பெற்றது பெரிதா, இழந்தது பெரிதா?

இக்கேள்விக்கு விடை தேட இலக்கிய உலகிற்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. எங்கள் விலங்கியல் வகுப்பில் அடிக்கடி பெயர் சொல்லப்படும் ஒருவரின் வாழ்க்கையிலேயே அதற்கு விடை இருக்கிறது. அவர்தாம் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கை, இயற்கைத் தேர்வு, பீகிள் கப்பல் என்று தேர்வுக்காக அவரை மூன்று தலைப்புகளில் முடித்துவிடுகிறோம். ஆனால் அவர் எத்தகைய வாசகராக வாழ்க்கையைத் தொடங்கி, எத்தகைய வாசகராக முடித்தார் என்பது எந்த வினாத்தாளிலும் வருவதில்லை. அந்தக் கதையையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் டார்வின் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் ஊரறிந்த மருத்துவர். பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் மருத்துவர் மட்டுமல்லர். செடிகொடிகளைப் பாடுபொருளாகக் கொண்டு கவிதை நூல் எழுதிப் புகழ்பெற்றவரும் ஆவார். எனவே அறிவியலும் கவிதையும் அந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. எட்டு வயதிலேயே தாயை இழந்த டார்வின், மூத்த சகோதரிகளின் அரவணைப்பில் வளர்ந்தார்.

பள்ளியில் அவர் சிறந்த மாணவர் என்று பெயர் எடுக்கவில்லை. பழைய கிரேக்க, இலத்தீன் செய்யுள்களை மனப்பாடம் செய்ய வைக்கும் பள்ளி அது. காலை வழிபாட்டு நேரத்திலேயே நாற்பது ஐம்பது வரிகளை நெட்டுருப் போட்டுவிடுவார். இரண்டு நாள் கழிந்தால் ஒரு வரியும் நினைவில் நிற்காது. ஆனால் அதே மாணவர், தடித்த சுவர் கொண்ட அப்பழைய பள்ளிக் கட்டடத்தின் ஜன்னல் ஒன்றில் அமர்ந்து, ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை மணிக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பார். யாரும் ஏவிப் படித்ததன்று. பாராட்டுக்காகப் படித்ததும் அன்று. பைரன், ஸ்காட் ஆகியோரின் கவிதைகளும் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. உடன் படித்த மாணவன் ஒருவனிடம் உலக அதிசயங்களைப் பற்றிய நூல் ஒன்று இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்ததால்தான் தொலைதூர நாடுகளைக் காணும் ஆசை தமக்கு முதன்முதலில் பிறந்தது என்று பிற்காலத்தில் அவர் எண்ணிப் பார்த்தார்.

மருத்துவராக்க வேண்டும் என்று தந்தை 1825-இல் அவரை எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைக் காணச் சகியாமல் இளம் டார்வின் அறையை விட்டே ஓடிவிட்டார். மருத்துவப் படிப்பு அத்தோடு முடிந்தது. பிறகு பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் ஆர்வமெல்லாம் வண்டு பிடிப்பதில் இருந்தது. இரு கைகளிலும் இரண்டு அரிய வண்டுகள் இருக்கும்போது மூன்றாவது ஒன்றைக் கண்டு, கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு, அது உமிழ்ந்த காரத்தில் நாக்கு வெந்துபோன கதை விலங்கியல் மாணவர் பலரும் அறிந்ததே.

அந்நாளில்தான் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் எழுதிய தென் அமெரிக்கப் பயண நூல் அவர் கைக்குக் கிடைத்தது. டெனரீப் தீவைப் பற்றிய பகுதிகளை நீள நீளமாகத் தம் கைப்படப் பெயர்த்து எழுதி, நண்பர்களோடு வெளியே செல்லும்போது உரக்கப் படித்துக் காட்டினார். தாம் பெற்ற இன்பத்தைத் தாங்க முடியாமல் பிறரிடம் பகிர்ந்துகொள்ளும் வாசகனின் செயல் இது. நம்மில் எத்தனையோ பேர் பிடித்த கவிதையை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறோமே, அதைப் போன்றது.

1831-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பீகிள் கப்பல் புறப்பட்டது. அப்போது டார்வினுக்கு வயது 22. அந்தச் சிறிய கப்பலில் சுமார் 400 நூல்கள் கொண்ட நூலகம் ஒன்று இருந்தது. நூலகம் இருந்த அறையிலேயே ஊஞ்சற் படுக்கை கட்டி டார்வினும் உறங்கினார். ஹம்போல்ட்டின் எழுத்தில் கண்டு ஏங்கிய டெனரீப் தீவு முதலில் வந்தது. ஆனால் இங்கிலாந்தில் காலரா பரவியிருந்ததால் அங்கு இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுச் செல்ல நேர்ந்தது.

கப்பலை விட்டு இறங்கிக் குதிரையிலும் கால்நடையாகவும் உள்நாட்டுக்குள் செல்லும்போது சுமையைக் குறைக்க வேண்டும். ஒரே ஒரு நூலைத்தான் கொண்டுபோக முடியும். அவ்வாறு நேர்ந்த போதெல்லாம் டார்வின் தேர்ந்தெடுத்தது அறிவியல் நூல் அன்று. மில்டனின் கவிதைகளையே எடுத்துச் சென்றார். மில்டனின் இழந்த சொர்க்கம்தான் அவருக்கு எல்லாவற்றிலும் விருப்பமான நூலாக இருந்தது. பாறைத் துண்டுகளும் எலும்புகளும் நிறைந்த பையோடு தென் அமெரிக்கச் சமவெளிகளில் திரிந்த இளைஞர் ஒருவருக்கு இரவுத் துணையாக ஒரு காவியம்! இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

அவர் எழுத்தாளராக ஆனது எப்போது? அதற்கும் ஓர் இடமும் ஒரு பொழுதும் உண்டு. 1832 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வெர்டே தீவுகளில் ஒன்றான சாந்தியாகோவில் கப்பல் நின்றது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான தாழ்ந்த செங்குத்துப் பாறை ஒன்றின் அடியில் டார்வின் இளைப்பாற அமர்ந்தார். வெயில் தகித்தது. அருகே பாலைச் செடிகள் சில. காலடியில் கடல்நீர் தேங்கிய குட்டைகளில் உயிருள்ள பவளங்கள். தாம் செல்லும் நாடுகளின் நிலவியலைப் பற்றி ஒரு நூல் எழுதலாமே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு முதன்முதலில் தோன்றியது. மகிழ்ச்சியால் உடல் சிலிர்த்த அந்தப் பொழுதை முதுமையிலும் அவர் தெளிவாக நினைவு கூர்ந்தார்.

அதன் பிறகு மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. முதலில் போனது துப்பாக்கி. இளமையில் அவர் வேட்டைப் பித்தர். பயணத்தின் தொடக்கத்தில் மாதிரிக்காகப் பறவைகளையும் விலங்குகளையும் தாமே சுட்டவர், போகப் போகத் துப்பாக்கியைப் பணியாளிடம் கொடுத்துவிட்டார். உற்று நோக்குவதிலும் காரணம் காண்பதிலும் கிடைத்த இன்பம் வேட்டை இன்பத்தை விழுங்கிவிட்டது. ஓர் இன்பம் வளரும்போது மற்றோர் இன்பம் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்கிறது. வேட்டை ஒதுங்கியதற்காக வருந்துவார் இலர். அடுத்து ஒதுங்கப்போவது எது என்பது அன்று அவருக்குத் தெரியாது.

பயண நாட்குறிப்பின் சில பகுதிகளைப் படித்த கப்பல் தலைவர் பிட்ஸ்ராய், இதை அச்சிடலாம் என்றார். 1836 அக்டோபரில் தாயகம் திரும்பிய டார்வின், 1839-இல் அப்பயண நூலை வெளியிட்டார். பின்னாளில் எவ்வளவோ பெரிய நூல்களை எழுதியபோதும், இந்த முதல் குழந்தை பெற்ற வெற்றிதான் தம் தற்பெருமையை மிகுதியும் கிளறியது என்பதை அவர் மறைக்கவில்லை.

இலண்டனில் வாழ்ந்த அந்தச் சில ஆண்டுகளே அவர் இரண்டு வகை வாசகராகவும் இருந்த காலம். வேர்ட்ஸ்வொர்த்தின் நெடுங்கவிதை ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை இருமுறை படித்தார். இன்னொரு பக்கம் உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்ற கேள்விக்காகக் குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டிருந்தார். 1838-இல் மால்தஸ் மக்கள்தொகை பற்றி எழுதிய நூலைப் பொழுதுபோக்காகப் படிக்க எடுத்தார். உணவைவிட விரைவாக உயிர்கள் பெருகுகின்றன என்ற கருத்தைப் படித்தபோதுதான், வாழ்க்கைப் போராட்டத்தில் ஏற்ற மாறுதல்கள் நிலைக்கும், ஏலாதவை அழியும் என்ற எண்ணம் மின்னலைப் போல் எழுந்தது. இயற்கைத் தேர்வு என்னும் மாபெரும் திறவுகோல், பொழுதுபோக்காக எடுத்த ஒரு புத்தகத்திலிருந்து கிடைத்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1839-இல் எம்மா வெட்ஜ்வுட் அம்மையாரை மணந்த டார்வின், 1842-இல் கென்ட் மாவட்டத்தின் டவுன் என்னும் சிற்றூரில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். உடல்நலம் குன்றியிருந்தது. ஒரு நாளைக்குச் சில மணி நேரமே உழைக்க முடியும். ஆகவே ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிச் செலவிட்டார். படிப்பதிலும் அதே சிக்கனம். கையில் பென்சிலுடன் படிப்பார். பயன்படக்கூடிய இடங்களில் கோடிட்டு, நூலின் கடைசியில் பக்க எண்களோடு ஒரு பட்டியல் எழுதிவிடுவார். பொருள்வாரியாக முப்பது நாற்பது பெரிய குறிப்புறைகள் அலமாரித் தட்டுகளில் பெயர் ஒட்டப்பட்டு இருந்தன. படித்ததிலிருந்து எடுத்த செய்திகள் உரிய உறைக்குள் போய்ச் சேரும். ஒரு நூல் எழுதத் தொடங்கும்போது அந்த உறையைத் திறந்தால் வாழ்நாள் முழுதும் சேர்த்த செய்திகள் ஆயத்தமாய் இருக்கும். தம் கருத்துக்கு எதிரான செய்தி கண்ணில் பட்டால் அதை உடனே எழுதிவிட வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த பொன்விதி. பிடிக்காத உண்மையை மனம் விரைவில் மறந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் பின்பற்றத்தக்க முறை இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த முறை நூல்களை என்ன செய்தது? கனமான நூல் கையில் பிடிக்கச் சிரமமாக இருந்தால் அதை நடுவே இரண்டாகக் கிழித்துவிடுவார். சிறு வெளியீடுகளில் தமக்கு வேண்டாத பக்கங்களைக் கிழித்தெறிந்து, வேண்டிய பக்கங்களை மட்டும் வைத்துக்கொள்வார். அவருடைய நண்பர் லயெல், நிலவியல் நூல் ஒன்றின் மறுபதிப்பை இரண்டு பாகங்களாக வெளியிட்டதற்கு, தம் படியை வெட்ட நேர்ந்ததாகத் தாம் முறையிட்டதே காரணம் என்று டார்வின் வேடிக்கையாகப் பெருமை பேசுவதுண்டு. புத்தகத்தைக் கால் தவறிப் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது திடுக்கிடச் செய்யும் செய்தி. அவருக்கோ, தச்சருக்கு உளி எப்படியோ அப்படித்தான் நூல்.

ஜெர்மன் மொழி அவருக்குப் பெரும்பாடு. எனினும் ஆய்வுக்குத் தேவை என்பதால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்து முன்னேறினார். ஆங்கில நூல்களோடு மல்லுக்கட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்!

எழுதுவதும் அவருக்கு எளிதாக வரவில்லை. தெளிவாகச் சொல்ல முடியாமல் திணறுவார். ஆனால் அந்தத் திணறலே ஒவ்வொரு வாக்கியத்தையும் நெடுநேரம் எண்ணிப் பார்க்க வைத்து, தம் பிழைகளையும் பிறர் பிழைகளையும் காட்டிக் கொடுத்தது என்று அதையும் ஒரு நன்மையாகக் கருதினார். கொட்டலசு என்னும் ஒட்டுயிரிகளை மட்டும் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். 1858-இல் வாலஸ் என்னும் இளம் ஆய்வாளரும் அதே கொள்கையை வந்தடைந்த செய்தி கடிதமாக வந்து சேர, 1859 நவம்பர் 24-ஆம் நாள் உயிரினங்களின் தோற்றம் வெளிவந்தது. அச்சிட்ட 1250 படிகளில் விற்பனைக்கு வந்தவற்றையெல்லாம் கடைக்காரர்கள் உடனே வாங்கிக்கொண்டனர். உலகம் தன்னைப் பற்றி எண்ணும் முறையே மாறியது.

இனி நாம் 1876-ஆம் ஆண்டுக்கு வருவோம். அறுபத்தேழு வயதான டார்வின், தம் மக்களுக்காகத் தன் வரலாற்றைப் பிற்பகல்களில் சிறிது சிறிதாக எழுதினார். அதில் ஓரிடத்தில் அவர் செய்யும் ஒப்புதல் படிப்பவர் நெஞ்சை உலுக்கும். முப்பது வயது வரையும் அதற்குச் சற்றுப் பின்னும் மில்டன், பைரன், வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி முதலியோரின் கவிதைகள் தமக்குப் பேரின்பம் தந்தன. இப்போதோ பல ஆண்டுகளாக ஒரு வரிக் கவிதையைக்கூடப் படிக்கப் பொறுக்கவில்லை என்கிறார். அண்மையில் ஷேக்ஸ்பியரை மீண்டும் எடுத்துப் பார்த்தாராம். குமட்டும் அளவுக்குச் சலிப்பாக இருந்ததாம். பள்ளி ஜன்னலில் அமர்ந்து தன்னை மறந்த சிறுவன் எங்கே! மலைப்பாதையில் மில்டனைச் சுமந்து சென்ற இளைஞன் எங்கே! இசை கேட்டாலும் அது இன்பம் தருவதற்கு மாறாக, கையில் உள்ள ஆராய்ச்சியைப் பற்றியே மேலும் விரைவாகச் சிந்திக்க வைத்தது.

இதற்கு அவரே ஒரு காரணம் கண்டார். செய்திகளைக் குவியல் குவியலாக வாங்கி, அவற்றை அரைத்துப் பொதுவிதிகளாக வெளியே தள்ளும் எந்திரம்போல் தம் மனம் ஆகிவிட்டதாக உணர்ந்தார். பயன்படுத்தாத உறுப்பு சூம்பிப்போவதைப் போல், மூளையில் கவிதையைச் சுவைக்கும் பகுதி சூம்பிவிட்டதோ என்று ஐயுற்றார். இந்தச் சுவைகளை இழப்பது இன்பத்தையே இழப்பதாகும் என்றும், அறிவுக்கும் அதைவிட ஒழுக்க உணர்வுக்கும்கூட அது கேடாகலாம் என்றும் அஞ்சினார். வெற்றியின் உச்சியில் நின்ற ஒருவர், யாரும் கேளாமலே, தம் இழப்பைத் தாமே கணக்கிட்டு எழுதிவைத்திருக்கிறார். தமக்கு எதிரான செய்தியை உடனே குறித்துவைக்கும் அந்தப் பொன்விதியை அவர் தம் வாழ்க்கைக்கும் பயன்படுத்தினார் எனலாம்.

எல்லாம் வறண்டுவிடவில்லை. வரலாறும் பயண நூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் அவருக்கு இறுதிவரை இனித்தன. அவற்றிலும் மேலாக நாவல்கள்! காலையில் வேலைக்கு நடுவே ஒருமுறையும், பிற்பகலில் சோபாவில் சாய்ந்திருக்கும்போது ஒருமுறையும் அவருக்கு நாவல் படித்துக் காட்டப்படும். பெரும்பாலும் எம்மா அம்மையாரே படிப்பார். வால்டர் ஸ்காட், ஜேன் ஆஸ்டின், கேஸ்கெல் அம்மையார் ஆகியோரின் கதைகள் மீண்டும் மீண்டும் அந்த வீட்டில் ஒலித்தன. நாவலாசிரியர் எல்லாரையும் அவர் வாழ்த்தினார். முடிவு துன்பமாக இருக்கக்கூடாது, உளமார நேசிக்கத்தக்க ஒருவராவது கதையில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. துன்ப முடிவைத் தடுக்கச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்று விளையாட்டாக எழுதினார்.

கவிதை போயிற்று, நாவல் மட்டும் எப்படித் தங்கியது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நாவலைக் கேட்கும்போது நூல் வேறொருவர் கையில் இருந்தது. கோடு போட வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுத வேண்டியதில்லை. எந்த உறைக்குள்ளும் போடவேண்டிய செய்தி அதில் இல்லை. அந்தச் சோபாவில் அவர் எழுத்தாளர் அல்லர், அறிவியலாரும் அல்லர், அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்கும் ஒருவர், அவ்வளவே. அவருக்குள் இருந்த பழைய வாசகன் சாகவில்லை. பென்சில் இல்லாத நேரத்தில் மட்டும் தலைகாட்டினான்.

மறுபடி வாழக் கிடைத்தால் வாரத்திற்கு ஒருமுறையாவது சிறிது கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்பது அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட காலம் கடந்த தீர்ப்பு. மண்புழுக்களைப் பற்றிய கடைசி நூலை 1881-இல் வெளியிட்டுவிட்டு, 1882 ஏப்ரல் 19-ஆம் நாள் டவுன் இல்லத்தில் டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய தன் வரலாற்றை மகன் பிரான்சிஸ் 1887-இல் வெளியிட்டார்.

இந்த வரலாறு என்னைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. வகுப்பின் கையெழுத்து ஏட்டிற்கு நானும் எழுதத் தொடங்கிய நாள் முதல், நூலகத்தில் எடுத்த கதையை முன்போல் படிக்க முடியவில்லை. கதையில் ஒருவர் கண்ணீர் விடும்போது, ஆசிரியர் இதை எப்படித் தொடங்கினார், எங்கே நிறுத்தினார் என்று என் கண் தேடுகிறது. பாட நூலிலோ ஐந்து மதிப்பெண் எது, பத்து மதிப்பெண் எது என்றே தேடுகிறது.

விடுமுறையில் ஊருக்குப் போனால், வார இதழில் வரும் தொடர்கதையை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அவர் எழுத்தறியாதவர், எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். இடையில் நான் நிறுத்தினால், அப்புறம் என்ன ஆயிற்று என்பார். அந்த நேரத்தில் கதை எப்படி எழுதப்பட்டது என்பது எனக்கும் மறந்துவிடும். அப்புறம் என்ன ஆயிற்று என்பதே எனக்கும் முக்கியமாகிவிடும். எங்கள் வீட்டின் தலைசிறந்த வாசகர் அவர்தாம் என்பது டார்வினைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

நண்பர்களே! குறிப்பெடுக்காமல் அறிவியல் கற்க முடியாது. கோடிடாமல் தேர்வு எழுத முடியாது. டார்வினின் பென்சில் இல்லையேல் இயற்கைத் தேர்வுக் கொள்கைக்குச் சான்றுகள் குவிந்திருக்க மாட்டா. ஆகவே பென்சிலை எறிந்துவிடச் சொல்லவில்லை. அந்த மாமேதை காலம் தாழ்ந்து கண்ட விதியை நாம் இருபது வயதிலேயே எடுத்துக்கொள்ளலாம் அன்றோ! வாரத்தில் ஒரு மாலையேனும் எதையும் எடுப்பதற்காக அன்றி, இன்புறுவதற்காக மட்டும் ஒரு நூலைத் திறப்போம். அந்த ஒரு மாலைக்குப் பென்சில் மேசை மீதே இருக்கட்டும்.